பேச்சின் இடைவெளியில் போன தந்தி

லூர்துமேரி அக்காவை நான் முதலில் பார்த்தது 1974 மார்ச்சில், மரக்காணம் தபாலாபீசில். அங்கே போனும் தந்தியும் அவர் பொறுப்பு. உப்பளத்தில் வேலை செய்யும் கொளஞ்சி என்னை இழுத்துக்கொண்டு போனான். எங்கள் தெருவில் பி.ஏ. முடித்தவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷில் எது எழுதவும் என்னைத்தான் தேடுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. கொளஞ்சியின் மனைவி பாப்பாத்தி மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கிடந்தாள். ஆபரேஷனுக்குக் கணவன் சம்மதம் பன்னிரண்டு மணிக்குள் தந்தியில் வரவேண்டும் என்று அங்கிருந்து ஆள் வந்து சொல்லியிருந்தான். அப்போதே மணி பதினொன்றரை.

ஊருக்கும் திண்டிவனத்துக்கும் ஒரே கம்பி. போன் பேச்சும் அதில்தான். தந்தியையும் அக்கா அதில்தான் வாசித்து அனுப்ப வேண்டும். உப்பு வியாபாரி நடராசன் எதிரே இருந்த தன் கடையிலிருந்து பெங்களூருக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று டிரங்க் கால்கள் பதிவாகியிருந்தன.

"அக்கா, கொஞ்சம் பாத்து..." என்று கொளஞ்சி கும்பிட்டான்.

"இருப்பா, இரு. லாரி நம்பர் கேக்கப் போவாரு பாரு."

சொன்னபடியே நடராசன் போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். காதில் மாட்டிய கருவியில் பேச்சு நின்றதும் அக்கா அவருடைய இணைப்பைப் பிடுங்கினார்.

"திண்டிவனம், பெங்களூர்காரரை அங்கியே நிறுத்தி வை. அவசரத் தந்தி, எழுதிக்க."

நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை அக்கா பாதி வாசிக்கும்போதே எதிர்க்கடையிலிருந்து நடராசன் ஓடிவந்தார்.

"ஏம்மா, என் லைன்ல யாரும்மா பேசறது?"

அக்கா திரும்பவில்லை. விரலைக் காட்டி அவரை நிறுத்தி, எழுத்தெழுத்தாகப் பெயரை முடித்தார். பிறகுதான், "மூணு நிமிசத்துல ரெண்டு நிமிசம் உன் போனு சும்மா கெடக்குதுண்ணே. போய்ப் பேசு, இணைப்பு குடுத்துட்டேன்" என்றார்.

நடராசன் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். 'விளக்கம் தருக' என்று ஓலை வந்தது. அக்கா தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதினேன். கண்டித்து விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து, யாருக்கும் இணைப்புக் கொடுக்கும் முன்பே, "நடுவுல எழுந்து போனா தந்திக்கு வுடுவியா அண்ணே?" என்று அக்கா கேட்டுக்கொள்வார். "வுடு தாயி" என்று முதலில் சொன்னவரும் நடராசன்தான்.

கொளஞ்சியின் தந்தி அன்று பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. பாப்பாத்தி பெண்குழந்தையோடு வீடு வந்தாள். அதற்கு இப்போது ஐந்து வயது. லூர்துமேரி அக்கா போன வருஷம் மாற்றலாகி, திண்டிவனம் எக்ஸ்சேஞ்சில் பகல் ஷிப்டில் இருக்கிறார்.