கரை கோணிய பட்டு

பட்டிமன்ற நடுவரே, நீங்கள் சொன்னது பொய்த் தீர்ப்பு. தானே தேடிக்கொண்ட வாழ்க்கை சந்தோஷம் தராதாம்!

ஆரணியில் ஒரு தறியின் முன் நிற்கிறேன். பட்டுக்குக் கரை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து, ஊடு நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கு நடுவே எறிய இன்னொரு ஆள் வேண்டும். சாதி விட்டுச் சாதி கல்யாணம் கட்டிக்கொண்ட, இந்தத் தறியில் நெய்யும் மல்லிகாவுக்கு உறவில் ஒருவரும் உதவ வருவதில்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்கும் கணவர்தான் வேலை முடிந்து வந்து உட்காருகிறார். கரை மறுபடியும் கோணிவிட்டது.

"மூட்ட தூக்கற கையி, வேற எப்படி வரும்!" என்று திட்டிக்கொண்டே கோணிய இழைகளைப் பிரிக்கிறாள். அவர் சிரிக்கிறார்.

"சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்கிறேன்.

"தெனம் சண்ட போட்டுகினுதான் இருக்கோம். ஆனா நாங்களே தேடிகினதுங்க, எவனும் தலையில கட்டல" என்று சொல்லி, நாடாவை மறுபடியும் அவர் கையிலேயே கொடுக்கிறாள்.

இந்தத் துணிச்சலை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. நடுவரே, அடுத்த மேடையில் இவளுக்குப் பதில் சொல்லுங்கள்.