பின்பக்கமாக மட்டும் ஓடிய கார்

எங்கள் மாமி வாங்கிய கார், பின்புறத்தைக் காட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலில் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேர் கார் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் வாங்கிய காரைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "இது வருதோ, போகுதோ?" என்று கேட்டது எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும்.

அது ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம். இரண்டே கதவுகள். நிலத்தோடு ஒட்டிக்கொண்டு, எதையோ பிடிக்கப் பதுங்கியிருப்பது போல நிற்கும். போர் முடிந்து பாதை திறந்த பிறகு ஒருவர் அதைக் கொழும்பிலிருந்து ஓட்டிவந்து ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். ஒரு நாள் அதன் கியர்பெட்டி பழுதானது. பிறகு அவர் வெளிநாடு போகும்வரை இரண்டு வருடம் அவருடைய வீட்டு வளவில் மாமரத்தின் கீழே நின்றது. முன்னுக்குப் போகும் கியர்கள் செத்துவிட்டன. என்ன அதிசயமோ, ரிவேர்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கும் குறைவாகத் தருவதாக அவர் சொன்னதும் மாமி வாங்கிவிட்டார்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். இடம்பெயர்ந்து போன குடும்பம் ஊருக்குத் திரும்பிய வருடம், பதினாறு வயதில், தோட்டக் கரையில் மிதிவெடி வெடித்து அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமி பொய்க்காலோடுதான் நடந்தார். ஆகவே எல்லா மாமிமாரும் படுக்கப்போகுமுன் ஒரு காலைக் கழற்றிச் சுவரோரம் வைப்பார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மாமி எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அப்பா தோட்டம் செய்தார். காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, கால் கழுவி, மாமியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். மாலையில் போய்க் கூட்டிவருவார். ஒரு நாள்கூட அவர் பிந்தியதில்லை. மழையோ காய்ச்சலோ எதுவும் அவரைத் தடுத்ததில்லை. மாமி வேறு எங்காவது போவதென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். "என்னத்துக்கு?" என்று அப்பா கேட்பார். மறிப்பதற்காக அல்ல, தோட்டத்து வேலையை அதற்கேற்றபடி மாற்றிக்கொள்வதற்காக.

மாமி அந்தக் காரை வாங்கியது அதன் அழகுக்காக அல்ல. அது கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் கார். அதில் கிளச்சு கிடையாது. இரண்டு பெடல்தான், இரண்டையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். ஓட்டோ கியருக்கு மட்டும் என்று குறிப்பிட்ட சாரதி அனுமதிப்பத்திரத்தை மாமி எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓடும் நிலையிலிருந்த அப்படிப்பட்ட கார்களின் விலையோ ஒரு வீட்டின் விலை போலிருந்தது.

காரைக் கொண்டுவரும் நாளில் ட்ராக்டர் பிடிக்கலாம் என்றார் அப்பா.

"ஏன் அண்ணை, பின்னுக்கு ஓடுதுதானே?" என்று கேட்டுவிட்டு மாமி ஏறி உட்கார்ந்தார்.

அரை மைல் தூரம். கார் பின்பக்கமாக ஊர்ந்தது. ஆடுகளையும் சைக்கிள்காரரையும் விலக்கிக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல், அப்பா அதன் வழியில் நடந்தார். நான் காரின் மூக்குக்கு எதிரே ஓடிவந்தேன். மாமி கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்து ஓட்டியதால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய ஒரு காதும் தோட்டின் மினுக்கமும்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும், ஓட்டப் பழகியது மறந்துபோகாமலிருக்க, மாமி காரை வீட்டைச் சுற்றிப் பின்பக்கமாக ஓட்டினார். அம்மா உடுப்புக் காயப்போடும் கொடியை இரண்டு முறை இடம் மாற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் பின்பக்கமாக நடந்து காட்டினார்கள். ஒருத்தி அப்படி நடந்துபோய்த் தண்ணீர்க் குழாயில் இடித்துக்கொண்டாள். அதற்கும் என்னைத்தான் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். எப்படியாவது அந்தக் கார் முன்னுக்குப் போனால் போதும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு பிரார்த்தனை இருக்கவில்லை.

ஓட்டோ கியர்பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் யாழ்ப்பாணத்தில் ஒருவர்தான் என்றார்கள். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல அவரை எல்லோரும் நானா என்றே கூப்பிட்டார்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது தாய் தகப்பனோடு புத்தளம் போன சிறுவன் அவர். பின்பு கொழும்பில் ஒரு கராஜில் தொழில் பழகி, சொந்த ஊருக்குத் திரும்பி வந்து கராஜ் போட்டிருந்தார். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், காரை வீட்டைச் சுற்றி ஒரு முறை ஓட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கியர் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்து, அதன் நுனியை முகர்ந்து பார்த்தார். எனக்கும் நீட்டினார். அடிப்பிடித்த பாலின் மணம்.

"உள்ளுக்கிருக்கிற தட்டுகள் கருகிப்போச்சு, தங்கச்சி," என்றார் மாமியிடம். "முழுப் பெட்டியையும் இறக்கி, ஒவ்வொரு சாமானாக் கழட்டிக் கழுவி, தேஞ்சதெல்லாம் புதுசு போடவேணும். ஒரு மண் துணிக்கை உள்ளுக்குப் போனாலும் திரும்பப் பழுதாகும். சாமான் ஜப்பானிலையிருந்து வரவேணும்."

"எவ்வளவு முடியும்?"

நானா கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். "இந்தக் கார் வாங்கின காசின்ரை ஒண்டரை மடங்கு."

அம்மா வாயில் கைவைத்தார்.

"எனக்கு வேலை கிடைக்கவேணுமெண்டு மலிவான வழியை மறைக்கமாட்டன்," என்று நானா தொடர்ந்தார். "இதைத் தூக்கிப்போட்டிட்டுச் சாதாரண கியர்பெட்டி மாத்தினால் அதிலை மூண்டிலை ஒரு பங்குதான் வரும். கிளச்சு போட்டு ஓடுறது. கனபேர் அப்பிடித்தான் செய்யினம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அதுதானே, அதைச் செய்வம்!"

"மூண்டாவது பெடலை ஆர் மிதிக்கிறது அண்ணை?" என்று மாமி கேட்டார்.

"நான் ஓட்டுவன். நீ சொகுசா இருந்து வரலாம். மழையிலை நனையத் தேவையில்லை."

"ஓம். நீங்கள் ஓட்டுவியள்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார்.

அதற்குப் பிறகு இருவரும் பத்து நாட்களுக்கு மேல் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் வழக்கம்போல் உரிய நேரத்துக்குப் புறப்பட்டது. முன்னால் அப்பா, பின்னால் மாமி, இருவர் முகத்திலும் கோபம். அப்படிக் கோபித்துக்கொண்டே அவர்கள் பலாலி வீதியில் போய்வந்தார்கள். நான் மனதுக்குள் அப்பாவின் பக்கம். மூன்றில் ஒரு பங்குக் காசில் கார் முன்னுக்குப் போகுமென்றால் அதிலென்ன பிடிவாதம் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு வாரப் பயிற்சிக்காக மாமி கொழும்புக்குப் போனார். அவர் ரயிலேறிய மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, மாமிக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வேறொரு கராஜ்காரருடன் பேசியாயிற்று. மாமி திரும்பி வரும்போது கார் முன்னுக்குப் போகும். வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார். வாய் திறக்காமலிருந்தால் எனக்கு யாழ்ப்பாண ரவுனில் ஐஸ்கிறீம்.

இரண்டு பேர் ஒரு சின்ன லொறியில் பழைய கியர்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சாக்கொன்றை விரித்து மூன்று பெடல்களை வரிசையாக வைத்தார்கள். நான் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்தேன்.

"இனி அப்பாதான் மாமியைக் காரிலை கொண்டுபோய் விடுவீங்களோ?"

"ஓம்."

"பின்னேரம் கூட்டிக்கொண்டும் வருவீங்களோ?"

"ஓமோம்."

"அப்ப மோட்டார் சைக்கிள் மாதிரியேதான்! மேலாலை ஒரு கூரை மட்டும் இருக்கும்!" என்றேன் நான், மிகுந்த சந்தோஷத்தோடு. நான் அந்தத் திட்டத்தைப் பாராட்டித்தான் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சாக்கில் கிடந்த பெடல்களைப் பார்த்தார். வேலைக்காரர்களில் ஒருவர் காரின் அடியில் நுழைவதற்காகச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா அவர் தோளில் கை வைத்து, "பொறு தம்பி," என்றார். பிறகு லொறிக்கூலியைக் கொடுத்து, கொண்டுவந்ததையெல்லாம் திரும்ப ஏற்றச் சொன்னார்.

நான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. என்ன பிழை என்பது மட்டும் விளங்கவில்லை. ஐஸ்கிறீம் போய்விட்டது என்று எண்ணினேன். ஆனால் அப்பா அன்று மாலையே கூட்டிக்கொண்டு போனார். தனக்கு வாங்கியதையும் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி வந்திறங்கியதும், பயணப் பையை வாங்கும் சாக்கில் அப்பா கார்ப் பேச்சை எடுத்தார். "நானாவை வரச் சொல்லு. என்னட்டையும் கொஞ்சம் காசிருக்கு."

மாமி நம்பாமல் பார்த்தார். "என்னண்ணை திடீரெண்டு?"

"பிள்ளை முன்னுக்குப் போக ஆசைப்படுறாள்," என்று அப்பா என்னைக் காட்டினார்.

நானா காரை லொறியில் ஏற்றித் தன் கராஜுக்குக் கொண்டுபோய்க் கியர்பெட்டியை இறக்கினார். ஒரு சனிக்கிழமை மாமியோடு நானும் போனேன். சுத்தமான வெள்ளைத் துணியின்மேல் வளையங்களும் தட்டுகளும் சுருள்கம்பிகளுமாக, காப்பு வளையல் கடை ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டியது போல இருந்தது. யாரும் கிட்டே வந்து தும்மக்கூடாது என்று நானா சட்டம் போட்டிருந்தார். கருகிச் சுருங்கிய தட்டொன்றை எடுத்துக் காட்டினார். பிறகு இன்னொன்றை எடுத்தார். அது புதிது போலிருந்தது.

"இது ரிவேர்ஸ் தட்டு. இதுக்கு ஒண்டுமில்லை. நீங்க நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கிறீங்க, தங்கச்சி."

மாமி அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்த வேகத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

சாமான்கள் வர இரண்டு மாதமாயிற்று. வந்ததில் ஒரு தொகுதி வேறு ஏதோ காருக்கானது. அதைத் திருப்பி அனுப்பி, சரியானது வர இன்னும் ஒரு மாதம். மாமி அலுவலகத்தில் கடன் எடுத்தார். கிளச்சு போடுவதற்கென்று வைத்திருந்த காசை அப்பா கொடுத்தார். அது எதற்காக வைத்திருந்த காசு என்று மாமிக்கு அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நானா சொன்ன கணக்கைவிடக் கொஞ்சம் கூடத்தான் முடிந்தது. அந்தக் காசுக்கு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கி, மிச்சத்தில் ஒரு பசுமாடும் வாங்கியிருக்கலாம் என்று ஊரில் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கார் எங்கள் வீட்டுக்கு வரும் சின்ன ஒழுங்கையால் வளவுக்குள் வந்தது. மூக்கு முன்னால் இருந்தது. நானா இறங்கி, கையைத் துடைத்துவிட்டுக் கார்த் திறப்பை மாமியிடம் கொடுத்தார். "முதல் கொஞ்ச நாளைக்கு ஆறுதலா, மெதுவா ஓடுங்கோ."

நான் ஓடிப்போய்ப் பக்கத்து ஆசனத்தின் கதவில் கை வைத்தேன். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானும் வாறன். முதல் தரம் தனியப் போகாதை," என்று வந்தார்.

"வேண்டாம் அண்ணை," என்றார் மாமி. கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார். "நான் போயிட்டு வாறன்."

"எங்கை?"

மாமி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அப்பா இரண்டாவது முறை கேட்கவில்லை. போய்ப் படலையை அகலத் திறந்துவிட்டார். கார் ஒரு சின்ன உறுமலோடு முன்னுக்கு நகர்ந்து, வீட்டைச் சுற்றி வந்து, ஒழுங்கையில் இறங்கித் திரும்பியது. அதன் சத்தம் காங்கேசன்துறை வீதியில் ஏறி, தூரமாகி, இல்லாமல் போனது. நானாவும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அப்பா படலையடியிலேயே நின்றார். வெயிலேறிவிட்டது, உள்ளே வாருங்கோ என்று அம்மா இரண்டு தரம் கூப்பிட்டார். தோட்டத்துக்கு அன்று யாரும் இறைக்கவில்லை.

மாமி திரும்பி வரும்போது மத்தியானமாகிவிட்டது. எங்கே போனீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"காங்கேசன்துறைக்கு. கடல் வரைக்கும்."

"அங்கை என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை."

"என்ன வாங்கினனீங்கள்?"

"ஒண்டும் வாங்கேல்லை. காரை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். பிறகு வந்தனான்."

எனக்கு அழுகை வரும்போல ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு காசைக் கொட்டி, இத்தனை மாதம் காத்திருந்து, என்னையும் ஏற்றாமல், பேக்கரியில் ஒரு பணிஸ்கூட வாங்காமல் வந்திருக்கிறாரே! மாமிக்குக் காரை எதற்குப் பாவிப்பது என்றே தெரியவில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த தரமாவது ஒழுங்காகப் போகட்டும் என்று, "நாளைக்கு வேலை முடிய எங்கை போவீங்கள்?" என்று கேட்டேன்.

மாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா படலையின் கொளுக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை; ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"தெரியாது," என்றார் மாமி.

வகுப்பில் ரீச்சர் கேட்கும் கேள்விக்கு நான் எத்தனையோ முறை சொல்லி அடிவாங்கிய சொல்தான் அது. அதை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.