மெஷின் வர வழியில்லாத கழனி

எங்கள் கழனிக்கென்று எந்தக் காலத்திலும் தனி வழி இருந்ததில்லை. ரோட்டிலிருந்து நான்காவது கழனி அது. முன்னால் இருந்த மூன்று பேரின் வரப்பில்தான் நடப்போம். அவர்கள் அறுத்து முடித்ததும் நெல்லறுக்கும் மெஷின் அவர்கள் நிலத்தின் வழியாகவே எங்களிடம் வரும். நாங்கள் கேட்டதுமில்லை, அவர்கள் மறுத்ததுமில்லை.

தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு இறங்கி அந்த மூவரின் கிணறும் உப்பாகிவிட்டது. போட்ட பயிரெல்லாம் கருகியது. பிளாட்டுக்கு விற்றுவிட்டார்கள். அவர்களை எந்த வாயால் திட்டுவது? எங்கள் கிணறு தள்ளி இருந்ததால் தப்பித்தது. அந்தத் தைரியத்தில் என் வீட்டுக்காரர் மறுபடி நாற்று விட்டார். ஷூ கம்பெனியில் நான் தைத்து வாங்கும் சம்பளம் உழவுக்குப் போனது.

நெல் முற்றிய சமயத்தில் முன்னால் மண்ணடித்து, கல் நட்டு, முள்கம்பி கட்டிவிட்டார்கள். மெஷின் ரோட்டிலேயே நின்றது. பிளாட் போட்டவரிடம் ஓடினோம். மரியாதையான மனுஷன், நாற்காலி போட்டார்.

"மெஷின் ஏறுனா கல்லுங்க சாஞ்சிடும்மா. இன்னாத்துக்கு உங்களுக்கு இந்தப் பேஜாரு? நீங்களும் குடுத்துடுங்க, நானே ரோடு போட்டுக்கிறேன்."

"ஒரே ஒரு நாள் கம்பிய அவுத்து வுடுங்க சார். சாஞ்ச கல்ல நாங்களே நட்டுத் தர்றோம்" என்று கெஞ்சினார் இவர். அந்த ஆள் சிரித்துக்கொண்டே டீ சொன்னார். அதை அந்த மூஞ்சியிலேயே ஊற்றியிருக்க வேண்டும்.

கையால் அறுக்க ஆள் தேடினேன். முன்பு அறுப்புக்கு வந்த பெண்கள் எல்லாரும் இப்போது என்னோடு கம்பெனி வேனில்தான் வருகிறார்கள். "லீவு போட்டா வேலைய வுட்டே தூக்கிடுவாங்கக்கா" என்றார்கள். பொய்யில்லை. நான் மட்டும் லீவு போட்டேன். நாங்கள் இருவரும் ஒரு மூலையை அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. இவர் வரப்பில் உட்கார்ந்து, "என்னால முடியலடி" என்றார்.

கையெழுத்துப் போட்டோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. முள்கம்பியைக் கழற்றி, கல்லைப் பிடுங்கி, எங்கள் கழனி வரைக்கும் ஜல்லி ரோடு போட்டுவிட்டார்கள், பாவிகள்! அதில் முதலில் வந்தது மண் லாரி. முளைத்து நின்ற நெல்லின் மேலேயே மண்ணைக் கொட்டியது.

இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரைவரிடம் போய், "அந்த மெஷினும் இவ்ளோ அகலந்தாம்பா இருக்கும்" என்றார்.