நான் கழித்துப் போட்ட மூட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்கு மிளகாய் வற்றல் அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. பூஞ்சை பிடித்த மூட்டைகளில் நீல மையால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கி வைப்பேன். அதையெல்லாம் எரித்துவிடுவார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆடி வெள்ளியன்று கொரட்டூர் அம்மன் கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போனேன். சமையல்கட்டில் என் கைக்குறியோடு ஒரு மூட்டை நின்றது! நன்கொடையாகக் கொடுத்த மிளகாய் வியாபாரியும் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணே, இது கப்பல்ல ஏத்தக் கூடாதுன்னு நானே கழிச்சது" என்றேன்.

அவர் சிரித்தார். "வெள்ளக்காரன் வயிறு வேற, நம்ம வயிறு வேறம்மா. கொதிச்சா எல்லாம் சரியாப் பூடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப இதுல கொழம்பு வச்சு மொதல்ல உங்க ஊட்டுக்கு அனுப்பட்டுமா?"

ஆத்தாளுக்குப் படைக்கும் சோற்றிலா இந்த வேலை? அன்று மிளகு போட்டு வெண்பொங்கல் வைத்தோம். மூட்டையை அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேறு எந்தக் கடைக்குப் போனதோ, தாயே.

மறுநாள் முதல் நான் வெறும் குறி போடுவதில்லை. மூட்டையைக் கிழித்து பினாயில் ஊற்றிவிட்டுத்தான் நகர்கிறேன். சூப்பர்வைசர் முறைக்கிறார். முறைக்கட்டும்.