முப்பது அங்குலம்

"உக்காரும்மா" என்றார், அந்த வீட்டை வரைந்தவர்.

சித்தாள் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். எதிரே, புதுச் சுவரில் ஜன்னலுக்கு விட்ட இடைவெளி.

"வெளிய நட்டிருக்கிற செடி தெரியுதா?"

"மதிலும் வானமும் தெரியுது சார்."

"நிமிந்து உக்காரு."

"காலைலேருந்து கல்லு சுமந்த முதுகு. இதுக்கு மேல நிமிராது."

மேஸ்திரி சிரித்தார். "நான் அப்பவே சொல்லல? நிக்கிறவனுக்குத் தாழ்வு, உக்காந்தவனுக்கு உசரம். ஏழு வீட்டுலயும் தரையிலேருந்து ஜன்னலுக்கு இதே முப்பது அங்குலம். கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க."

வரைந்தவர் சிரிக்கவில்லை.

வீடு வரைவது அவர் தொழில். முதலில் செடிக்கு இடம் பார்ப்பார், பிறகுதான் சுவர். மலைச்சரிவுகளில் அலைந்து, பெயர் தெரியாத பூஞ்செடிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். "எனக்கு ஏகப்பட்ட சக்களத்திங்க, எல்லாருக்கும் வேர் இருக்கு" என்பாள் மனைவி. அவள் கால்கள் ஓய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தபோது, அந்தச் சக்களத்திகளில் மிக அரிதானதை, வருடத்தில் பதினொரு நாள் மட்டும் பூப்பதை, படுக்கையறைக்கு வெளியே நட்டார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து அளந்து, சுவரை உடைத்து, முப்பது அங்குலத்தில் ஜன்னல் வைத்தார். மூன்று வருடம், வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கேட்டார்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. நீங்க கெளம்புங்க."

அவள் போன பிறகு கட்டிய ஏழு வீடுகளிலும் கை தானாக அந்த அளவையே போட்டது.

அன்று வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார். சக்கர நாற்காலியின் மேல் கிடந்த போர்வையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். செடி தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. எழுந்திருக்கும்போதுதான் முதுகுச் சாய்வைப் பார்த்தார். அவள் தலை உராய்ந்த எண்ணெய்க் கறை மேலே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, இன்னும் கீழே ஒன்று. கறை ஒரு சாண் இறங்கியிருந்தது.

கடைசிக் கறைக்குத் தலை வரும்வரை சரிந்து உட்கார்ந்தார்.

மதில். வானம்.

அளந்தது ஒரே ஒரு முறை. அதன் பிறகு அவள் குறைந்துகொண்டே வந்திருக்கிறாள்.

"தெரியுதா?" என்றது அவர் குரல்.

நல்லாத் தெரியுது. காதோரம், அதே அவசரத்தில். நீங்க கெளம்புங்க.

அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேஸ்திரி புது ஜன்னலின் அடியில் நான்கு வரிசைக் கல்லை உடைத்தார். சித்தாளை மறுபடி உட்காரவைத்துப் பார்த்தார்கள். செடி தெரிந்தது. மதியம் பூசினார்கள். மற்ற ஆறு வீட்டுக்காரர்களுக்கும் அவர் போன் செய்தார். மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவரும் சுவரை உடைக்க ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு மணிக்கு மேஸ்திரி அவர் வீட்டுப் படுக்கையறைக்கு வந்தார்.

"இங்க யாரு சார் உக்காரப் போறாங்க?"

"உடைங்க மேஸ்திரி."

ஆறு மணிக்குள் நான்கு வரிசையும் போயிற்று. செடியில் மொட்டு இல்லை.