சந்தனம் வைத்த டூல் செட்

என் அம்மா எந்தச் சாமானையும் சும்மா பார்க்க மாட்டாள். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுதும் பூதக்கண்ணாடிக்கு அடியில் கண்ணை வைத்திருப்பாள். மயிரிழை அளவுக்குக் கீறல் தெரிந்தாலும் அந்தத் துண்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஓரம் தள்ளிவிடுவாள். சிவப்பு என்றால் ரிஜெக்ட். அந்த ஸ்டிக்கர் சுருளில் ஒன்று எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. பாசாரில் வாங்கிய கத்தரிக்காயிலிருந்து என் பள்ளிக்கூடக் கையெழுத்து வரை அதற்குத் தப்பியவை கொஞ்சம்தான்.

அப்பா இதற்கு நேர் எதிர். அதே வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். எதைக் காட்டினாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர்கள் இருவரும் எப்படி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடியில் இருந்தோம். ஒரு நாள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போன அப்பா, காய்கறி இல்லாமல் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் ஒரு பலகையில் ஸ்க்ரூவை முடுக்கிக் காட்டினானாம், கழற்றிக் காட்டினானாம், அப்பாவுக்கு மனம் மயங்கிவிட்டதாம். பெட்டியைத் திறந்தால் நூற்றுச் சொச்சம் சாமான்கள், ஒவ்வொன்றும் தன் தன் குழியில் பளபளவென்று படுத்திருந்தன. எனக்கும் மயக்கமாகத்தான் இருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து சோதனையை ஆரம்பித்தாள். சுத்தியலை ஆட்டினாள், தலை லேசாக ஆடியது. சிவப்பு. குறட்டை வெளிச்சத்துக்கு எதிரே மூடிப் பார்த்தாள், வாய் முழுதாகப் பொருந்தவில்லை. சிவப்பு. பெரிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் காசால் சுரண்டினாள், பளபளப்பு உரிந்து வந்தது. சிவப்பு.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு வரும்?"

"நான் என்ன வொர்க்‌ஷாப்பா வைக்கப்போறேன்? எப்பவாவது ஒரு ஆணி, ஒரு ஸ்க்ரூ. வீட்டுக்கு இது போதும்லா."

"அந்த எப்பவாவது வர்ற நாள்ல கைய விட்டுச்சுன்னா?"

வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்று அப்பா தன் டூல் செட்டுக்காகப் பரிந்து பேசப்போய், பெண்டாட்டி என்ற சொல்லைத் தேவையில்லாமல் இழுத்து, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் மனிதர் அசரவில்லை. இந்தச் செட்டால் உருப்படியாக ஒரு வேலை செய்து காட்டிவிட்டுத்தான் ஓய்வது என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வர்ணம் அடிப்பது எங்கள் வழக்கம். காலையிலேயே அப்பா படுக்கையறை ஜன்னலின் இரும்புக் கிரில்லைத் தன் டூல் செட்டால் கழற்றி, வெளி நடைவழியில் சாய்த்து வைத்து, வெள்ளை பெயிண்ட் அடித்தார். ஜன்னல் சட்டத்துக்கும் அடித்தார். ஸ்க்ரூக்கள் எல்லாம் சிரமமில்லாமல் கழன்று வந்திருந்தன. "பாத்தியா?" என்று அம்மாவைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை இன்னும் மறக்கவில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் கிரில்லைத் திரும்ப மாட்டுவதாக இருந்தது. அதற்குள் பூசை நேரம் வந்துவிட்டது. அம்மா, தான் ரிஜெக்ட் செய்த பெட்டியாகவே இருந்தாலும் ஆயுதம் ஆயுதம்தான் என்று அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அப்பாவின் பஸ் சாவி, அரிவாள்மனை, என் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் சேர்த்துச் சாமி படத்தின் முன்னால் பரப்பிவிட்டாள். பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. புத்தகத்தைத் தொட்டால்தான் திட்டு விழும் என்ற ஒரே நாள் அது என்பதால் எனக்கு அந்த விதியின் மேல் அளவற்ற பக்தி. கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் அப்பாவுக்குக் கிரில் ஞாபகம் வந்தது.

"நாளைக்கு மாட்டிக்குங்க. ஜன்னலைச் சாத்தி, ரூம் கதவையும் சாத்தி வைங்க. தம்பி உள்ள போகக்கூடாது" என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுவதும் பொட்டு வைக்கக் கிளம்பினார். பூசை என்று வந்துவிட்டால் அவருக்குக் கணக்கே கிடையாது. ஃபிரிட்ஜுக்கு, காற்றாடி ஸ்விட்சுக்கு, தையல் மெஷினுக்கு, சோறாக்கும் குக்கருக்கு என்று வைத்துக்கொண்டே போனார். பூட்டும் ஒருவகையில் ஆயுதம்தானே? படுக்கையறைக் கதவின் உருண்டைக் கைப்பிடிக்கு நடுவில், பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்தது போல ஒரு சின்னக் குழி இருந்தது. அதில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திச் சந்தனம் வைத்தார். அது சாவித் துவாரம் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. தம்பி அவர் பின்னாலேயே போய், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தான்.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு அப்பா நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பொரி தின்றுகொண்டிருந்தேன். தம்பி தன் பொம்மைப் பஸ்ஸுக்கும் பொட்டு வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு நடந்து போனான். பொம்மைப் பஸ் படுக்கையறையில் இருந்தது. கதவு சாத்திக்கொள்ளும் சத்தமும், அதைத் தொடர்ந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தமும் கேட்டன. உள்பக்கத்துக் கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பூட்டிக்கொள்வது அவனுக்குப் புதிதாகப் பழகிய வித்தை.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். கைப்பிடி திரும்பவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து சொருகினாள். நுனிகூட நுழையவில்லை. குனிந்து பார்த்தாள். காலையில் வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா அதற்குள் எழுந்து வந்திருந்தார்.

"ஜன்னலச் சாத்தினீங்கதானே?"

அப்பா கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, உங்களத்தான் கேக்குறேன்."

"பெயிண்ட் ஈரமா இருந்துச்சு. ஒட்டிக்கும்னு கொஞ்சம் தொறந்து விட்டேன்."

அந்த ஜன்னலை ஒட்டித்தான் கட்டில். கட்டிலில் ஏறி நின்று கிரில்லைப் பிடித்துக்கொண்டு, பாயான் லெப்பாஸில் இறங்கப்போகும் விமானங்களுக்குக் கையாட்டுவது தம்பியின் தினசரி வேலை. இப்போது பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அப்பா சாமி படத்துக்கு முன்னால் ஓடினார். பெட்டியின் மேல் பூவும் குங்குமமும் இருந்தன. நீட்டிய கை பாதியில் நின்றது.

"சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன். எடுங்க!" என்று அம்மா கத்தினாள்.

என்னைக் கதவுக்கு முன்னால் உட்காரவைத்து, "அவன்கிட்ட பேசிக்கிட்டே இரு. ஜன்னல் பக்கம் போகவிடாதே" என்றாள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நான் தரையில் படுத்து, கைவிரல்களை உள்ளே நீட்டி, "தம்பி, அக்கா விரலுக்குப் பொட்டு வைடா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குளிர்ச்சியாக ஏதோ என் சுண்டு விரலில் பட்டது. பிறகு அடுத்த விரலில். அவன் சிரித்தான்.

என் தலைக்கு மேலே அப்பா பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். அது தேநீர்க் கரண்டியைப் போல வளைந்துகொடுத்தது. சுத்தியலை எடுத்துக் கைப்பிடியை அடித்தார். இரண்டாவது அடிக்கே அதன் தலை பிய்த்துக்கொண்டு பறந்து ஃபிரிட்ஜில் மோதியது. மரப்பிடி மட்டும் அவர் கையில் இருந்தது. இரண்டிலும் சிவப்பு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்பா பின்னால் போய்த் தோளால் கதவை இடிக்க ஓடி வந்தார்.

"வேணாம்ப்பா! தம்பி கதவுக்குப் பின்னாலதான் இருக்கான்!" என்று நான் அலறினேன். அவர் கடைசி அடியில் நின்றுவிட்டார். அந்தச் சத்தத்தில் என் விரலைத் தொட்டுக்கொண்டிருந்த கை விலகிப் போனது.

அம்மா பெட்டியிலிருந்து, மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்குகிற ஊசி போன்ற ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டாள். பூசைச் செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் துவாரத்தில் விட்டுச் சந்தனத்தைக் கிண்ட ஆரம்பித்தாள். முதல் ஊசி வளைந்தது. அதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத தூசியை எல்லாம் இடுக்கியால் எடுத்துப் பழகிய கை அது. அன்று அந்தக் கையே துவாரத்தைத் தவறவிட்டுக் கைப்பிடியில் கீறியது.

அப்போது தூரத்தில் விமானச் சத்தம் கேட்டது.

"அக்கா! ப்ளேன்!"

குரல் கதவுக்குப் பக்கத்திலிருந்து வரவில்லை. கட்டில் கிரீச்சிட்டது. எதிர் கட்டடத்திலிருந்து யாரோ ஓர் ஆண்பிள்ளை மலாயில் கத்தினார்: "ஓய்! அனாக்! அனாக் டி திங்காப்!" ஜன்னலில் பிள்ளை என்று இந்த ஊருக்கே கேட்கும்படி கத்தினார். அப்பா இரண்டு உள்ளங்கையையும் கதவில் வைத்து அப்படியே நின்றார். அம்மா கிண்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் வாய் ஏதோ முனகிக்கொண்டே இருந்தது. கதை சொல்லலாமா, பாட்டுப் பாடலாமா என்றெல்லாம் என்னால் யோசிக்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தம்பி! உன் பொரி எல்லாத்தையும் நான் சாப்பிடப் போறேன்! பொட்டுக்கடலையும் எனக்குத்தான்!"

உள்ளே சத்தமே இல்லை. விமானம் தலைக்கு மேலே போய்க் கடந்தது. எதிர் கட்டடத்துக்காரரும் கத்துவதை நிறுத்திவிட்டார். அவர் எதற்காக நிறுத்தினார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கட்டில் மறுபடியும் கிரீச்சிட்டது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம், தரையில் ஓடிவரும் பாதச் சத்தம். கதவு மறுபக்கத்திலிருந்து தடதடவென்று தட்டப்பட்டது.

"வேணாம்! என் பொரி! அக்கா சாப்பிடாதே!"

சாவி நுழைந்தது. பாதி வரைக்கும் போய் நின்றது. அம்மா அதை வெளியே எடுத்து, ஊதி, மறுபடி சொருகித் திருப்பினாள். கதவை மெதுவாக, தம்பியை நகர்த்திக்கொண்டே திறந்தாள். அவன் தலைமுதல் கால்வரை சந்தனமாக, பொரிக்காக அழுதுகொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. அதன் வெள்ளைச் சட்டத்தில், வெளி ஓரத்தில், ஒரு சின்ன உள்ளங்கை சந்தனத்தில் பதிந்திருந்தது. அம்மா அவனை வாரிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா நேராகப் போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். பிறகு பெயிண்ட் காயாத கிரில்லைத் தூக்கி வந்து, பூசையில் இருந்த பெட்டியிலேயே வளையாமல் மிச்சமிருந்த ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார். முடுக்க முடுக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்து வழுக்கியது. அதற்குப் பிறகும் அவர் திருப்பிக்கொண்டே இருந்தார். "போதும், விடுங்க" என்று அம்மாதான் போய் அவர் கையைப் பிடித்தாள்.

அதன் பிறகு அப்பா டூல் செட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று எதைப் பற்றியும் சொல்லவில்லை. மீன் வாங்கி வந்தால்கூட அம்மா முன்னால் வைத்துவிட்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார். ரிஜெக்ட் செய்ததை வைத்து வேலை செய்தால் இப்படித்தான் என்று நான் அம்மாவின் கட்சியில் நின்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு மாமா, அம்மாவின் தம்பி, குடும்பத்தோடு வந்திருந்தார். பாயான் பாருவில் அப்போதுதான் புது வீடு வாங்கியிருந்தார். கூடம் முழுக்க ஆட்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டே மாமா கேட்டார்.

"மச்சான், பாசார் மாலாம்ல ஒரு டூல் செட் வாங்கினீங்களாமே, எப்படி? நம்ம மாதிரி வீட்டுக்குச் சரிப்படுமா?"

அப்பா கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது: வளைந்தது, பறந்தது, ஃபிரிட்ஜில் விழுந்த சொட்டை. அம்மா ஓர் அதிரசத்தை எடுத்து என் வாயில் திணித்தாள்.

"தாராளமா வாங்குடா, நல்ல செட்டு" என்றாள். "அன்னைக்குத் தம்பி ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டான்ல? அதை வச்சுத்தான் உன் மச்சான் கதவைத் தொறந்தாரு. அவரு இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுக்கூடப் பாக்க முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயிரிழைக் கீறலுக்கு ஒரு தட்டுச் சாமானையே தள்ளிவிடுகிற அம்மா, இத்தனை பேர் நடுவில் வாய்கூசாமல் பொய் சொல்கிறாளே என்று கோபம் கோபமாக வந்தது. அப்பா தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். எல்லோருக்கும் முன்னால் கிளாஸ் நிறைய ஆரஞ்சுத் தண்ணீர் இருந்தது, அவருக்கு முன்னாலும்தான்.

சமையலறைக் குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டே இருந்தது. மாமா வீட்டு வரிக் கதையைச் சொல்லி முடித்து, அடுத்த கதையையும் ஆரம்பித்துவிட்டார். குழாய் நிற்கவில்லை, அப்பாவும் வரவில்லை. பல் துலக்கும்போது நான் ஒரு நிமிஷம் குழாயைத் திறந்து விட்டாலே வாய்க்கு வந்தபடி திட்டுகிற அம்மா, இப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாமாவிடம் இன்னும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கென்றால் ஒரு நியாயம், அப்பாவுக்கென்றால் ஒரு நியாயமா என்று அதிரசத்தை மென்றுகொண்டே நான் வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன்.