அக்காவின் காசிச் செம்பு

எங்கள் அக்கா கண்மூடி ஒரு வருடம் நிறைகிறது. ஆண்டுத் திவசத்துக்கு வந்து, சாப்பிட்டு, தாம்பூலத்தோடு இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் எழுத உட்காரும்போதே என் மகன், "நல்லதை மட்டும் எழுதுங்கம்மா, பெரியம்மா புகுந்த வீட்டு ஆளுகளும் வாசிப்பாக" என்றான். அவர்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகவேதான் எழுதுகிறேன். அக்காவிடம் இருந்த நல்லவற்றில் முதலாவது அவருடைய கோபம்.

அக்கா சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்தார். தாயார் சீக்கிரமே போய்விட்டதால், எனக்குத் தலை வாரிவிட்டதும் முதுகில் அடி கொடுத்ததும் அவர்தான். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் ஒன்றை மனத்தில் வைத்தால் வைத்ததுதான். சிறுவயதில் அவருக்கென்று எடுத்து வைத்திருந்த நுங்கை நான் திருடித் தின்றேன். பல வருடம் கழித்து, கல்யாணமாகிப் போகிற அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர், மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த நுங்கைத் தின்னது நீதான்னு எனக்குத் தெரியும் ஏளா" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

அவர் வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில் தோணி வைத்துக் கொழும்புக்குச் சரக்கு அனுப்பிய குடும்பத்தில். அண்ணன் தம்பி இருவர். மூத்தவரை நாங்கள் பெரியத்தான் என்போம். பண்டகசாலையும் தோணியும் அவர் சொற்படிதான் நடந்தன. இளையவர் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். தங்கமான மனிதர். அண்ணன் முன்னால் உட்காரக்கூட மாட்டார். அந்த மரியாதைதான் அவருக்கு எமனாக வந்தது.

உலகப் போர் நடந்த காலம். கொழும்பில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஒரு கார்த்திகை மாதம், வாடைக்காற்று ஏறிக் கடல் கறுத்துக் கிடந்தது. வெங்காயமும் கருப்பட்டியும் ஏற்றிய தோணி துறைமுகத்தில் நின்றது. தோணியை நடத்தும் தண்டல், காயல்பட்டினத்துக்காரர், வீடு தேடி வந்து, "காத்து சரியில்ல மொதலாளி, இன்னைக்கு வேண்டாம்" என்றார். அத்தானும், "பொறுத்துப் போவோம்ணே" என்றார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்குப் பெரியத்தானின் பதில் தெளிவாகக் கேட்டது.

"பயமா இருந்தா சேலையக் கட்டிக்கிட்டு வீட்டுல இருலே. ஆம்பளையா இருந்தா நீயும் கூடப் போயி சரக்க எறக்கிட்டு வா."

தண்டல் போனார், அத்தானும் போனார். தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெரியத்தான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "போகாதலேன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கலையே!" என்று அழுதார். அக்கா உள்ளதைச் சொன்னபோது, "பாவம், புத்தி பேதலிச்சுப் பேசுதா" என்று அதற்கும் அவரே விளக்கம் கொடுத்தார். ஊர் பெரிய மனுஷன் பேச்சைத்தான் நம்பியது. ஆசைக்கு அளவில்லாமல் கடலில் இறங்கி, கூட வந்தவர்களையும் கொன்றவர் என்று அத்தானுக்குப் பெயர் நிலைத்தது. தண்டலின் மனைவி காயல்பட்டினத்திலிருந்து வந்து, அக்கா இருந்த வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். அக்கா அந்த மண்ணைத் துடைக்காமல் நின்றார். புருஷனைத் திருப்ப முடியாது, புருஷன் பெயரைத் திருப்பாமல் சாவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தார்.

போர் முடிந்து, ரயிலில் இடம் கிடைக்கத் தொடங்கியதும் பெரியத்தான் காசிக்குப் புறப்பட்டார். தம்பிக்குப் பிண்டம் வைக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். வழியில் பொங்கிப் போட ஆள் வேண்டுமே, அதனால் அக்காவையும் கூப்பிட்டார். பிள்ளை வரம் கேட்டு நானும் ஒட்டிக்கொண்டேன்.

ராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பதுதான் முறை. பெரியத்தான் அதைப் பட்டுத்துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அக்காவின் முந்தானையில் வேறு மணல் இருந்தது. தோணி கிளம்பிய இடத்தில் அள்ளியது, சிப்பி உடைசல் கலந்தது. காசியில் எங்களுக்குச் சடங்கு செய்த தமிழ்ப் புரோகிதர் அதைப் பார்த்துவிட்டு, "சேது மணலைத்தான் கரைக்கணும் அம்மா" என்றார்.

"அவுக கெடக்கது இந்த மணலுக்கு அங்கிட்டுதான் சாமி" என்றார் அக்கா. புரோகிதர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பிறகு, இறந்தவர் எப்படி இறந்தார் என்று கேட்டார். பெரியத்தான் இடுப்பளவு கங்கையில் நின்றுகொண்டு, "கடல்ல போயிட்டான் சாமி. நான் எவ்வளவோ தடுத்தேன், கேக்கல" என்றார். ஊரில் சொன்ன பொய்யைக் கங்கையிலும் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டார். அக்கா மூன்று முறை முங்கி எழுந்தார்.

காசிக்குப் போனால் நமக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் அங்கே விட்டுவிட்டு வரவேண்டும். அதன்பின் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. பெரியத்தான் விட்ட காய் முள்ளங்கி. பிறந்ததிலிருந்து அவர் முள்ளங்கி தின்று யாரும் பார்த்ததில்லை. விட்ட பழம், அங்கே தள்ளுவண்டியில் பார்த்த ஏதோ ஒரு வடநாட்டுப் பழம், அதன் பெயரைக்கூட என்னிடம்தான் கேட்டார். அக்கா கத்தரிக்காயை விட்டார், பழத்துக்கு நுங்கை விட்டார். புரோகிதர் எல்லோருக்கும் சொல்வதுபோல அவரிடமும், "கோபத்தையும் இங்கேயே விட்டுட்டுப் போங்கோ" என்றார்.

அக்கா கங்கையைக் கும்பிட்டுவிட்டு, "அது எனக்கு வேணும் சாமி" என்றார்.

கிளம்புமுன் கங்கை நீரை நிரப்பி, மூடியை ஈயத்தால் பற்றவைத்து வாங்கினோம். பெரியத்தானுக்கு ஒரு பெரிய குடம், அக்காவுக்கு ஒரு சின்னச் செம்பு. ஊர் திரும்பியதும் பெரியத்தான் பந்தல் போட்டு விருந்து வைத்து, குடத்தின் மூடியை உடைத்து, தாசில்தார் முதல் சுங்க ஆபீசர் வரை கரண்டி கரண்டியாக ஊற்றிப் பெருமை தேடிக்கொண்டார். ஒரு சொட்டு மிச்சமில்லை. தனக்கும் ஒரு நாள் சாவு வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அக்கா தன் செம்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

சுதந்திரம் வந்த மறுவருடம் பெரியத்தான் படுத்தார். சோறு தண்ணீர் இறங்காமல், உயிர் மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. கங்கைத் தண்ணீர் பட்டால்தான் போகும் என்றார்கள். அவரும் அதையே கேட்டார். பின்கட்டில் இருந்த அக்காவிடம் அவர் மனைவி வந்து, "ஏளா, உன் செம்பக் கொண்டா" என்று கையைப் பிடித்தார். "இன்னா வாரேன்" என்ற அக்கா, முதலில் காயல்பட்டினத்துக்கு வண்டி அனுப்பினார். தண்டலின் மனைவி வந்து வாசலில் நின்ற பிறகுதான் செம்போடு கூடத்துக்கு வந்தார். நான் கைக்குழந்தையோடு அங்கே நின்றேன். கங்கை எனக்குப் பிள்ளையைக் கொடுத்திருந்தது.

கூடம் நிறைய உறவுக்காரர்கள். அக்கா கட்டிலருகே உட்கார்ந்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தான், அன்னைக்குத் தோணிய எடுக்கச் சொன்னது யாரு?"

பெரியத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாகக் கெடக்க மனுசங்கிட்ட கேக்குற கேள்வியாளா இது? ஒனக்கு ஈரமே கெடையாதா?" என்று அவர் மனைவி கத்தினார்.

"ஈரம் இந்தச் செம்புக்குள்ள இருக்குக்கா. அவுக வாயத் தொறக்கட்டும், நானும் இதத் தொறக்கேன்."

மூத்த மகன் செம்பைப் பிடுங்க வந்தான். "தொட்டா இங்கனயே கவுத்திருவேன்" என்றார் அக்கா. அவன் நின்றுவிட்டான். கூடத்தில் ஆளாளுக்கு ஏசினார்கள். பாவி, பழிகாரி என்றார்கள். அக்கா அவர்களைத் திரும்பியே பார்க்கவில்லை.

"கங்கையில நின்னு ஒரு பேச்சு பேசினீய அத்தான். அதே தண்ணி வாய்க்குள்ள போகணும்னா, அங்கன பொய் இருக்கப்படாது."

பெரியத்தானின் உதடு அசைந்தது. "நான்தான்."

"வாசலுக்குக் கேக்கல."

"நான்தான் போகச் சொன்னேன். தண்டல் வேண்டாம்னான். தம்பியும் வேண்டாம்னான். நான்தான்."

வாசலில் தண்டலின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா பாக்குவெட்டியால் ஈயத்தை நெம்பி, தன் கையாலேயே அவர் வாயில் தண்ணீரை விட்டார். அப்போது அக்கா முகத்தில் இருந்தது இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்று பொழுது சாயுமுன் பெரியத்தான் போனார்.

காரியம் முடிந்ததும் அக்கா அந்த வீட்டைவிட்டு வெளியேறி எங்களோடு வந்துவிட்டார். பிறகு நாங்கள் தூத்துக்குடி மில்லர்புரத்துக்குக் குடிவந்ததும் அவர் நிழலில்தான். சில்லுக்கருப்பட்டி போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார். என் மகனைப் படிக்கவைத்தார். ஒவ்வொரு கோடையிலும் எங்களுக்கு நுங்கு வாங்கிச் சீவிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொள்வார். கடைசி நாளில் நான் செம்பை எடுத்தபோது, "எனக்குக் கங்கை வேண்டாம், கடல் தண்ணி கொண்டா" என்றார். என் மகன் துறைமுகக் கரையில் போய் மொண்டு வந்தான். அந்த உப்புத் தண்ணீரை வாயில் வாங்கிக்கொண்டு, "போதும்" என்றார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காயல்பட்டினத்திலிருந்து வந்து கடைசிவரை நின்ற தண்டலின் மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரிய மாலை அனுப்பிய பெரியத்தானின் பிள்ளைகளுக்கும் நன்றி. சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவர்கள், "அப்பா நெனவு தப்பி ஏதோ ஒளறினாக" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அக்காவின் செம்பில் பாதித் தண்ணீர் இன்னும் இருக்கிறது. மறுபடி ஈயத்தால் பற்றவைத்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் கங்கைக்கு நான் ஒருத்திதான் என்று சொல்லவில்லை. ஆனால் அவசரத்துக்கு அந்த வீட்டார் என்னிடம்தான் வரவேண்டியிருக்கும். தாராளமாக வரலாம். கேள்வியை இந்த மலரிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். பதிலைப் பாடம் பண்ணிக்கொண்டு வாருங்கள்.